ஆள் பார்த்து விடும் ஓட்டை: செயற்கை அயனி வாய்க்கால் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரு ஞாயிற்றுக்கிழமை சமூக மன்றத்தில் செயற்கை அயனி வாய்க்கால் பற்றி அரை மணி நேரம் பேசினேன். அதன் விளைவுதான் இந்தப் பக்கம். பேச்சு முடிந்து தேநீர் ஆறுவதற்குள் ஆரம்பித்த கேள்விகள் வாட்ஸ்அப்பில் இன்னும் ஓயவில்லை. ஒரே பதிலைப் பத்துப் பேருக்குத் தட்டி அனுப்புவதைவிட இங்கே எழுதி வைப்பது மேல் என்று தோன்றியது. சிங்கப்பூரில் ஓர் ஆய்வுக்கூடத்தில் ஐந்து ஆண்டுகள் இந்த மூலக்கூறுகளோடு மல்லுக்கட்டியவள் நான். கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்டபடியே விட்டிருக்கிறேன்.

முதலில், அயனி வாய்க்கால் என்றால் என்ன?

நம் உடலின் ஒவ்வோர் உயிரணுவையும் ஒரு கொழுப்புப் படலம் மூடியிருக்கிறது. அதன் கனம் 4 அல்லது 5 நானோமீட்டர்தான். சமையல் உப்பைத் தண்ணீரில் போட்டால் அது சோடியம், குளோரைடு என்று மின்னேற்றம் உள்ள துகள்களாகப் பிரிந்துவிடும். இவற்றைத்தான் அயனி என்கிறோம். எண்ணெயும் தண்ணீரும் ஒட்டாது என்பது தெரிந்த கதை. தண்ணீரோடு உறவாடும் அயனி, எண்ணெய் போன்ற அந்தப் படலத்துக்குள் தானாகப் புகாது. அதற்கு வழிவிடவே படலத்தை ஊடுருவி நிற்கும் புரதக் குழாய்கள் இருக்கின்றன. அவைதான் அயனி வாய்க்கால்கள். கை சூடுபட்டதும் வெடுக்கென்று இழுத்துக்கொள்வதும் இதயம் துடிப்பதும் இவற்றால்தான்.

அதே வேலையை நாமே கட்டிய மூலக்கூறைக் கொண்டு செய்விப்பது செயற்கை அயனி வாய்க்கால்.

ஒன்றை இப்போதே சொல்லிவிடுகிறேன், பின்னால் அடிக்கடி வரும். படலத்தில் ஓட்டை போடுவது ஒரு சாமர்த்தியமே இல்லை. பாத்திரம் கழுவும் சோப்பு அதை அழகாகச் செய்யும். யாரை உள்ளே விடுவது, யாரை வாசலிலேயே நிறுத்துவது என்று ஆள் பார்த்து விடும் ஓட்டையைப் போடுவதுதான் கடினம்.

வாய்க்காலா, கால்வாயா, சேனலா? எது சரி?

ஆய்வுக்கூடத்தில் எல்லோருக்கும் சேனல்தான். தமிழில் எழுதுபவர்கள் கால்வாய், தடம் என்றெல்லாம் எழுதுகிறார்கள், எதுவும் தப்பில்லை. எனக்கு வாய்க்கால் பிடிக்கும். கால்வாய் என்றால் கப்பல் போகும் சூயஸ் நினைவுக்கு வருகிறது. வாய்க்கால் சின்னது, வயலுக்குப் போவது, மடை வைத்தது. மடையைத் திறக்கலாம், அடைக்கலாம், எந்த வயலுக்கு என்று பார்த்து விடலாம். என் தாத்தா தஞ்சாவூர்ப் பக்கம் மடை திறந்தவர். எனக்கு நேரில் தெரிந்ததெல்லாம் புளோக்குக்குக் கீழே ஓடும் லோங்காங் என்கிற மழைநீர் வடிகால் மட்டும்தான்.

வாய்க்காலும் பம்பும் ஒன்றுதானே?

இல்லை. சிங்கப்பூரின் மரினா அணைக்கட்டுக்குப் போனவர்களுக்கு இது சுலபமாகப் புரியும். 2008-ல் திறந்த அந்த அணையில் 9 கதவுகளும் 7 பம்புகளும் இருக்கின்றன. பெருமழை பெய்து, கடல்மட்டம் தாழ்ந்திருந்தால் கதவைத் திறந்தால் போதும், நீர் தானாகக் கடலுக்கு ஓடும். கடல்மட்டம் உயர்ந்திருந்தால் கதவு உதவாது, மின்சாரம் செலவழித்துப் பம்பு வைத்துத் தள்ள வேண்டும். வாய்க்கால் என்பது கதவு: மேட்டிலிருந்து பள்ளத்துக்கு மட்டும். உயிரணுவுக்குள் பொட்டாசியம் அதிகம், வெளியே சோடியம் அதிகம். இந்த மேடு பள்ளத்தை உண்டாக்குவது பம்பு. அதை வைத்துப் பிழைப்பது வாய்க்கால். செயற்கையாக நாங்கள் கட்டுவது பெரும்பாலும் கதவுகளைத்தான்.

பெரிய ஆளைத் தடுக்கும் வாசல் சரி. சின்ன ஆளைத் தடுத்துவிட்டுப் பெரிய ஆளை விடும் வாசல் எப்படிம்மா இருக்கும்?

கேட்டவர் ஓய்வுபெற்ற டாக்ஸி ஓட்டுநர் ஒருவர். அன்று வந்த கேள்விகளில் இதற்குத்தான் முதல் பரிசு.

பொட்டாசியம் அயனியின் ஆரம் 1.33 ஆங்ஸ்ட்ரம், சோடியத்தின் ஆரம் 0.95 ஆங்ஸ்ட்ரம். நானோமீட்டரில் பத்தில் ஒரு பங்கு ஓர் ஆங்ஸ்ட்ரம். வாய்க்கால் வெறும் சல்லடையாக இருந்தால் பொட்டாசியம் போகும் இடத்தில் சோடியம் இன்னும் சுலபமாகப் போக வேண்டும். ஆனால் உயிரணுவின் பொட்டாசிய வாய்க்காலில் நடப்பது தலைகீழ். சோடியத்தைவிடப் பொட்டாசியத்தை 1,000 முதல் 10,000 மடங்கு வரை தாராளமாக விடுகிறது.

விடை தண்ணீரில் இருக்கிறது. அயனி தண்ணீருக்குள் தனியாகத் திரிவதில்லை. வெல்லக்கட்டியை எறும்பு மொய்ப்பதுபோல் நீர் மூலக்கூறுகள் தங்கள் ஆக்சிஜன் முனையைக் காட்டி அதை மொய்த்திருக்கும். குறுகலான வாய்க்காலுக்குள் நுழைய வேண்டுமானால் மொய்த்த தண்ணீரை உதற வேண்டும். உதறுவதற்கு ஆற்றல் செலவாகும். அயனி சிறியதாக இருந்தால் தண்ணீரை இறுக்கிப் பிடித்திருக்கும், செலவும் கூடும். ஒரு மோலுக்கு (வேதியியலில் துகள்களை எண்ணும் அளவு) கணக்கிட்டால், சோடியம் தன் தண்ணீரை முழுதும் உதறப் பொட்டாசியத்தைவிட ஏறக்குறைய 70 கிலோஜூல் கூடுதலாகச் செலவழிக்க வேண்டும்.

இப்படிச் செலவழித்ததை வாய்க்கால் ஈடு கட்டினால்தான் அயனி உள்ளே வரச் சம்மதிக்கும். 1998-ல் ரோடரிக் மெக்கின்னனின் குழு, மண்ணில் வாழும் ஒரு பாக்டீரியாவின் பொட்டாசிய வாய்க்காலைப் படிகமாக்கி, எக்ஸ் கதிர் கொண்டு அதன் வடிவத்தை உலகுக்குக் காட்டியது. ஆள் பார்க்கும் பகுதியின் நீளம் 12 ஆங்ஸ்ட்ரம்தான். அதன் சுவர் முழுக்க ஆக்சிஜன் அணுக்கள் உள்பக்கம் பார்த்து நிற்கின்றன. பொட்டாசியம் உட்காரும் ஒவ்வோர் இடத்திலும் அதைச் சுற்றி எட்டு ஆக்சிஜன்கள். தண்ணீரில் எப்படி இருந்ததோ ஏறக்குறைய அப்படியே. தண்ணீரை விட்டு வந்ததே அதற்குத் தெரியாது எனலாம். சோடியம் வந்தால் அதே ஆக்சிஜன்கள் அதற்குச் சற்றே எட்டாத தூரத்தில் நிற்கின்றன. தண்ணீரை உதறிய நஷ்டம் நஷ்டமாகவே நிற்கும். ஆகவே அது வெளியிலேயே தங்கிவிடுகிறது. இந்தக் கண்டுபிடிப்புக்காக மெக்கின்னனுக்கு 2003-ல் வேதியியல் நோபல் கிடைத்தது.

பாடப்புத்தகம் இந்த இடத்தில் முடித்துவிடும், ஆனால் ஒரு சிக்கல் இருக்கிறது. புரதம் கல்லால் ஆனதல்ல. உடல் வெப்பத்தில் அதன் அணுக்கள் எந்நேரமும் ஆடிக்கொண்டிருக்கின்றன. அந்த ஆட்டமே, இரண்டு அயனிகளின் ஆர வித்தியாசமான 0.38 ஆங்ஸ்ட்ரத்தைவிட அதிகம். அப்படியானால் அளவெடுத்துத் தைத்த சட்டை என்ற விளக்கம் மட்டும் போதாது. சுவரில் எத்தனை ஆக்சிஜன், அவை ஒன்றையொன்று எவ்வளவு விலக்குகின்றன, அயனியை எவ்வளவு வலுவாக இழுக்கின்றன என்பதும் சேர்ந்துதான் தேர்வை முடிவு செய்கிறது. இந்த விவாதம் இன்னும் ஓயவில்லை. எங்களைப் போல் கட்டுபவர்களுக்கு இதிலிருந்து ஒன்று தெளிவு: துளையின் விட்டத்தை மட்டும் அளந்துகொண்டு உட்கார்ந்தால் ஒன்றும் நடக்காது.

அவ்வளவு கறாராகச் சோதித்தால் வரிசை நகராதே?

வெள்ளிக்கிழமை மாலை மலேசிய எல்லையில், உட்லண்ட்ஸ் சோதனைச் சாவடியில் நின்றவருக்கு இந்தச் சந்தேகம் வராமல் இருக்காது. கடப்பிதழைக் கூர்ந்து பார்த்தால் வரிசை நீளும், வரிசையை நகர்த்தினால் பார்வை தளரும். வேதியியலிலும் இதே சிக்கல்தான். ஓர் அயனியை மட்டும் இறுக்கிப் பிடிக்கும் இடம், பிடித்ததை விடாது. ஒட்டிக்கொண்டால் ஓட்டம் நின்றுபோகும்.

பொட்டாசிய வாய்க்கால் நொடிக்கு 100 மில்லியன் அயனிகள் வரை விடுகிறது. ஊர்க்கணக்கில் 10 கோடி. எப்படி என்றால், உள்ளே அயனிகள் ஒற்றை வரிசையில் நெருக்கமாக நிற்கின்றன. எல்லாவற்றுக்கும் நேர்மின்னேற்றம், ஒன்றையொன்று தள்ளும். பின்னால் ஒன்று நுழைந்ததும் முன்னால் நிற்பது வெளியே போகிறது. சுவரின் இழுப்பும் அயனிகளின் தள்ளலும் ஏறக்குறைய சமமாக இருப்பதால், யாரும் எங்கும் நிலைத்து ஒட்டுவதில்லை. சாவடியில் இதற்கு இணையாக ஒன்றும் எனக்குத் தெரியவில்லை. பின்னால் நிற்பவர் தள்ளுவது மட்டும் அங்கேயும் உண்டு.

மனிதர்கள் இதை முதலில் எப்போது செய்து பார்த்தார்கள்?

கதை வாய்க்காலில் ஆரம்பிக்கவில்லை, ஒரு வளையத்தில் ஆரம்பித்தது. அமெரிக்காவில் சார்ல்ஸ் பெடர்சன் என்ற தொழிற்சாலை வேதியியலாளர் வேறு எதையோ செய்யப் போக, குடுவையில் துளியளவு ஒரு பக்கவிளைபொருள் வந்தது. தூக்கி எறியாமல் அதை ஆராய்ந்தார். ஆக்சிஜன்கள் உள்பக்கம் பார்த்து நிற்கும் வளையம் அது, பார்க்கக் கிரீடம் மாதிரி. கிரீட ஈதர் என்று பெயரிட்டு 1967-ல் வெளியிட்டார். ஆறு ஆக்சிஜன் கொண்ட வளையத்துக்குப் பொட்டாசியம் பிடிக்கும், ஐந்து கொண்டதற்குச் சோடியம் நன்றாகப் பொருந்தும். மெக்கின்னன் பின்னாளில் இயற்கையில் கண்டதன் சாயல் அப்போதே அந்தக் குடுவையில் இருந்தது. 1987-ல் பெடர்சன் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். அவரிடம் முனைவர் பட்டம் கிடையாது. பிள்ளைகளின் படிப்பைப் பற்றி என்னிடம் கவலைப்படும் பெற்றோருக்கெல்லாம் இதை ஒரு தடவை சொல்லிவிடுவேன்.

வளையம் வாய்க்கால் ஆக வேண்டுமென்றால் படலத்தின் கனம் முழுவதையும் அது கடக்க வேண்டும். 1982-ல் ஜப்பானில் இவாவோ தபூஷி, மாவுச்சத்திலிருந்து கிடைக்கும் சைக்ளோடெக்ஸ்ட்ரின் என்ற சர்க்கரை வளையத்துக்கு நீண்ட கொழுப்பு வால்களை ஒட்டவைத்து படலத்தின் பாதிக்கு எட்டும் அரை வாய்க்கால் ஒன்றைக் கட்டினார். இந்தத் துறையின் முதல் செங்கல் என்று அதைத்தான் சொல்வார்கள். பிறகு அமெரிக்காவில் ஜார்ஜ் கோக்கலின் குழு மூன்று கிரீடங்களை நீண்ட கார்பன் சங்கிலிகளால் கோத்து, சோடியம் போகும் வழியை அமைத்தது.

என் மனதுக்கு நெருக்கமானது ரேசா கதிரியின் வேலை. புரதத்தின் செங்கற்களான அமினோ அமிலங்கள் எட்டை வளையமாகக் கோத்தார், இடக்கை வடிவம் ஒன்று, வலக்கை வடிவம் ஒன்று என்று மாற்றி மாற்றி. அப்படிக் கோத்தால் வளையம் தட்டையாக நிற்கும். ஹைட்ரஜன் பிணைப்பால் ஒன்றன்மேல் ஒன்று தானாக அடுக்கிக்கொள்ளும். இட்டிலித் தட்டுகளை அடுக்கினால் நடுத்துளைகள் நேராக அமைந்து குழாயாவதுபோல. 1994-ல் அந்தக் குழாய் படலத்துக்குள் நின்று நொடிக்கு 10 மில்லியனுக்கும் மேலான அயனிகளை விட்டது. வேகம் அபாரம். ஆனால் சோடியமா பொட்டாசியமா என்று அது பெரிதாகப் பார்க்கவில்லை. துளை சுமார் 7 ஆங்ஸ்ட்ரம், அயனி தன் தண்ணீரில் கொஞ்சத்தையாவது உடுத்தியபடியே போய்விடும். உதற வேண்டாத இடத்தில் தேர்வுக்கு வேலை ஏது?

இயற்கை 1,000 மடங்கு என்றால் நாம் எவ்வளவு?

சங்கடமான கேள்வி. சிங்கப்பூரிலேயே ஓர் எடுத்துக்காட்டு இருக்கிறது. பயோபோலிஸ் வளாகத்தில் இருந்த ஹுவாசியாங் செங்கின் குழு 2017-ல் ஒரு வேலையை வெளியிட்டது. தானாக அடுக்கிக்கொள்ளும் சிறு பெப்டைடு (அமினோ அமிலத்தால் ஆன துண்டு) ஒன்றை முதுகெலும்பாக வைத்துக்கொண்டு, அதில் கிரீட ஈதர்களையும் வால்களையும் மாற்றி மாற்றிப் பொருத்தி, ஒரு கூட்டம் மூலக்கூறுகளைச் செய்து சலித்துப் பார்த்தார்கள். அவற்றில் தேறியது சோடியத்தைவிடப் பொட்டாசியத்தை 10 மடங்குக்கு அருகே விரும்பியது. செயற்கை உலகில் அது கொண்டாட வேண்டிய எண். இயற்கையின் எண்ணுக்குப் பக்கத்தில் வைத்தால் நூற்றில் ஒரு பங்கு.

ஏன் இந்த இடைவெளி? புரதத்தில் நான்கு துணையலகுகள் சுற்றி நின்று, ஆயிரக்கணக்கான அணுக்களால் முட்டுக்கொடுத்து, அந்த 12 ஆங்ஸ்ட்ரம் பகுதியைச் சரியான வடிவில் தாங்கிப் பிடிக்கின்றன. நாங்கள் கட்டுவது சில நூறு அணுக்கள். காற்றடித்தால் ஆடும் கொட்டகை. ஆனாலும் கொட்டகைக்கு ஒரு லாபம் உண்டு: மலிவு, கடுமையான கரைப்பான்களையும் தாங்கும், வேண்டிய இடத்தில் ஓர் அணுவை மட்டும் மாற்றிப் பார்க்கலாம்.

அயனியைச் சுமந்து கொண்டுபோய் விடும் மருந்தும் இருக்கிறதாமே? அதுவும் வாய்க்கால்தானா?

அது படகு. சாங்கி முனையிலிருந்து உபின் தீவுக்குப் பும்போட்டில் போயிருப்பீர்கள். 12 பேர் சேர்ந்ததும் கிளம்பும், இறக்கிவிட்டுத் திரும்பி வரும். வாலினோமைசின் என்ற பொருள் படலத்துக்குள் அப்படித்தான் ஓடுகிறது, ஒரு தடவைக்கு ஒரே பயணி. பொட்டாசியத்தைச் சோடியத்திலிருந்து பிரித்தறிவதில் அது வாய்க்காலுக்குச் சளைத்ததல்ல. வேகத்தில்தான் படகு பாலத்துக்கு ஈடாகாது. நொடிக்கு ஆயிரக்கணக்கில்தான் போகும், மில்லியன் கணக்கில் அல்ல.

நீங்கள் செய்தது உண்மையிலேயே வேலை செய்கிறது என்று எப்படிக் கண்டுபிடிக்கிறீர்கள்? கண்ணுக்குத் தெரியாதே?

ஐந்து ஆண்டுகளில் பாதி இதற்கே போனது, எனவே கொஞ்சம் நீளமாகச் சொல்லப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் போலி உயிரணு செய்ய வேண்டும். முட்டை மஞ்சள்கருவிலிருந்து பிரித்த கொழுப்பை (லெசித்தின் என்றால் கேக் செய்பவர்களுக்குத் தெரியும்) குளோரோஃபார்மில் கரைத்து, குடுவையின் உள்சுவரில் மெல்லிய படலமாக உலர்த்துவோம். உறைபெட்டியிலிருந்து எடுத்த கொழுப்புக் குப்பியை உடனே திறக்கக் கூடாது. இங்குள்ள காற்றின் ஈரத்துக்கு, மூடியைத் திறந்த மறுநிமிடம் தூள் பிசினாகிவிடும். அறை வெப்பத்துக்கு வரும்வரை காத்திருக்க வேண்டும். உலர்ந்த படலத்தில் சாயம் கலந்த நீரை ஊற்றினால் கொழுப்பு உரிந்து குமிழிகளாகச் சுருளும். திரவ நைட்ரஜனில் பலமுறை உறையவைத்து இளக்கி, 100 நானோமீட்டர் துளையுள்ள வடிகட்டி வழியே முன்னும் பின்னும் இருபது தடவைபோலத் தள்ளினால், குமிழிகள் ஏறக்குறைய ஒரே அளவுக்கு வந்துவிடும்.

உள்ளே இருக்கும் சாயம், பெரும்பாலும் எச்பிடிஎஸ், அமிலத்தன்மை மாறினால் ஒளிர்வை மாற்றும். வெளியே கொஞ்சம் காரம் சேர்த்துவிட்டு, நம் மூலக்கூறை ஒரு துளி விடுவோம். வாய்க்கால் வேலை செய்தால் அயனிகள் இடம் மாறி, உள்ளேயும் அமிலத்தன்மை மாறும். திரையில் கோடு ஏறும். கடைசியில் சோப்பு ஊற்றி எல்லாக் குமிழிகளையும் உடைத்து, அதை 100 விழுக்காடு என்று வைத்துக் கணக்கிடுவோம். வெளியில் இருக்கும் உப்பைச் சோடியம், பொட்டாசியம், சீசியம் என்று மாற்றி மாற்றிப் போட்டால் யார்மேல் விருப்பம் என்று தெரியவரும்.

பொறி இங்கேதான். கோடு ஏறுவதற்குக் காரணம் வாய்க்காலாகவும் இருக்கலாம், படகாகவும் இருக்கலாம், படலத்தையே கிழித்த பொருளாகவும் இருக்கலாம். திரைக்கு வித்தியாசம் தெரியாது. அதனால் பெரிய சாயம் ஒன்றை உள்ளே அடைத்து இன்னொரு சோதனை வைக்க வேண்டும். அயனி வெளியே வரலாம், சாயம் வரக்கூடாது. படகா வாய்க்காலா என்று தெரிய, 41 டிகிரிக்குக் கீழே மெழுகுபோல் இறுகிவிடும் கொழுப்பு ஒன்றில் படலம் செய்து பார்ப்பார்கள். இறுகிய படலத்தில் படகு ஓடாது, வாய்க்கால் நின்ற இடத்திலேயே வேலை செய்யும். பெரும்பாலும், என்று சேர்த்துக்கொள்ளுங்கள்.

இவை எல்லாவற்றையும்விட நான் நம்புவது மின்னோட்டத்தைத்தான். சிறு துளை ஒன்றின் குறுக்கே ஒரே ஒரு கொழுப்புப் படலத்தைப் பூசி, இருபுறமும் உப்புநீர் வைத்து மின்னழுத்தம் கொடுப்போம். வாய்க்கால் ஒன்று திறந்தால் மின்னோட்டம் படிக்கட்டுபோல் சட்டென்று ஏறும், மூடினால் சட்டென்று இறங்கும். அளவு சில பிக்கோஆம்பியர். ஒரு பிக்கோஆம்பியர் என்றால் நொடிக்கு 6 மில்லியனுக்கும் மேற்பட்ட அயனிகள். ஒரே ஒரு மூலக்கூறு திறந்து மூடுவதை நேரில் பார்ப்பதற்குச் சமம் அது. நரம்பிலும் தசையிலும் இதைப் பார்க்க வழி செய்த எர்வின் நேயரும் பெர்ட் சாக்மனும் 1991-ல் நோபல் வாங்கினார்கள். எங்கள் அறையில் பக்கத்து லிஃப்ட் நகர்ந்தால்கூடக் கோடு நடுங்கும். ஆகவே இரவு 11 மணிக்குமேல்தான் அளப்போம்.

அக்கா, உங்களுக்கு எப்பவாவது சொதப்பியிருக்கா?

தொடக்கக் கல்லூரி மாணவி ஒருத்தி கேட்டது. சொதப்பாத ஆண்டு இல்லை தங்கச்சி.

இரண்டாம் ஆண்டில் நான் செய்த ஒரு மூலக்கூறு, கோட்டை ராக்கெட்போல் ஏற்றியது. மூன்று வாரம் மிதந்துகொண்டே திரிந்தேன், படங்கள்கூட வரைந்து முடித்துவிட்டேன். பெரிய சாயத்தை அடைத்துப் பார்க்கும் சோதனையை மட்டும் நாளை நாளை என்று தள்ளிவைத்திருந்தேன். கடைசியில் செய்தபோது சாயம் முழுக்க வெளியே வந்து கிடந்தது. எட்டு மாதம் பாடுபட்டு நான் கண்டுபிடித்தது விலை உயர்ந்த ஒரு சோப்பு. அந்தக் குப்பி இன்னும் என்னிடம் இருக்கிறது. அந்தச் சோதனையை முதல் நாளே செய்திருக்க வேண்டும், தவறு முழுதும் என்னுடையது.

புதுநீர் இதாலதானே வருது?

இல்லை. கழிவுநீரைச் சுத்திகரித்து 2003 முதல் சிங்கப்பூரில் வழங்கப்படும் புதுநீர், நுண்வடிகட்டல், எதிர்ச் சவ்வூடுபரவல், புற ஊதாக்கதிர் என்ற மூன்று படிகளில் வருகிறது. நடுப்படியில் இருப்பது பாலிஅமைடு படலம். அதில் வாய்க்கால் எதுவும் இல்லை. நெருக்கமாகப் பின்னிய பிளாஸ்டிக்கின் ஊடே அழுத்தத்தில் தண்ணீர் கசிந்து போகிறது, உப்பு பின்தங்குகிறது.

ஆனால் ஆசை இருக்கிறது. அக்வாபோரின் என்ற இயற்கையான நீர் வாய்க்கால் நொடிக்குச் சுமார் 3 பில்லியன் நீர் மூலக்கூறுகளை விடும், அயனி ஒன்றைக்கூட விடாது. அதைக் கண்டறிந்த பீட்டர் அக்ரேதான் 2003-ல் மெக்கின்னனோடு நோபலைப் பகிர்ந்தவர். நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் சவ்வுத் தொழில்நுட்ப மையத்தில் இந்தப் புரதத்தைப் படலத்தில் பதிக்கும் வேலைகள் நடந்திருக்கின்றன. புரதத்துக்குப் பதில் செயற்கை நீர் வாய்க்கால் வைத்தால் என்ன என்பது அடுத்த கேள்வி.

இங்கே கொஞ்சம் தண்ணீர் தெளிக்க வேண்டியிருக்கிறது. கடல்நீரைக் குடிநீராக்க இங்கே ஒரு கன மீட்டருக்குச் சுமார் 3.5 கிலோவாட்-மணி மின்சாரம் ஆகிறது, அதை 2-க்குக் கொண்டுவருவது சிங்கப்பூரின் தண்ணீர் அமைப்பான பொதுப் பயனீட்டுக் கழகத்தின் இலக்கு. எவ்வளவு அற்புதமான வாய்க்கால் வைத்தாலும், கடல்நீரில் பாதியைக் குடிநீராக எடுக்கக் குறைந்தது 1 கிலோவாட்-மணி ஆகியே தீரும். அது இயற்பியல் விதித்த விலை. வேகமான படலம் இதை மாற்றாது. வாய்க்கால்கள் உதவக்கூடிய இடம் தேர்வு. எடுத்துக்காட்டாக, கடல்நீரில் இருக்கும் போரிக் அமிலம் சிறியது, மின்னேற்றமும் இல்லை. இன்றைய படலத்தில் நழுவிப் போய்விடும். அதைப் பிடிக்கவே சில ஆலைகளில் நீரை மறுபடி ஒரு சுற்று ஓட்டுகிறார்கள். அதை வாசலிலேயே நிறுத்தும் வாய்க்கால் ஒன்று வந்தால் அந்த இரண்டாம் சுற்று மிச்சம்.

மருந்தாக வருமா?

ஒரு விதத்தில் ஏற்கெனவே வந்துவிட்டது. 1939-ல் மண் பாக்டீரியாவிலிருந்து ரெனே டுபோ பிரித்த கிராமிசிடின் ஒரு வாய்க்கால்தான். மேற்பூச்சு மருந்துகளில் இன்றும் உண்டு. பாக்டீரியாவின் படலத்தைக் கசியவிட்டே அதைக் கொல்கிறது. உள்ளே சாப்பிட்டால் நம் சிவப்பணுக்களையும் கசியவிடும் என்பதால் பூச்சோடு நிறுத்திக்கொண்டார்கள்.

நெஞ்சைத் தொட்டது வேறொன்று. சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் என்ற மரபுநோயில் சிஎஃப்டிஆர் என்னும் வாய்க்கால் பழுதாகிறது. குளோரைடும் பைகார்பனேட்டும் சரியாக வெளியேறாமல் நுரையீரலில் சளி இறுகிவிடும். ஆசியரிடையே அரிது, ஐரோப்பிய வம்சத்தினரிடையே அதிகம். 2019-ல் அமெரிக்காவில் மார்ட்டின் பர்க்கின் குழு, பூஞ்சை நோய்க்குக் கொடுக்கும் பழைய மருந்தான ஆம்போடெரிசினை, நோயாளிகளிடமிருந்து எடுத்து வளர்த்த மூச்சுக்குழல் உயிரணுக்களில் வைத்துப் பார்த்தது. அந்த மருந்து அமைக்கும் வாய்க்கால் ஆள் பார்ப்பதில் மகா மட்டம். ஆனாலும் வேலை நடந்தது. உயிரணுவின் மறுபக்கப் பம்புகள் மேடு பள்ளத்தைத் தயாராக வைத்திருந்தன, வாசல்தான் இல்லாமல் இருந்தது. எதையோ ஒன்றைத் திறந்துவிட்டதும் மற்றதை உயிரணுவே பார்த்துக்கொண்டது.

ஆள் பார்க்கும் ஓட்டைதான் எல்லாம் என்று மேலே நான் அளந்ததற்கு இது நேர் எதிர். ஒப்புக்கொள்கிறேன்.

புற்றுநோய்? குளோரைடை உயிரணுவுக்குள் கொண்டுபோய்க் குவித்து, அது தன்னைத்தானே அழித்துக்கொள்ளும்படி செய்யும் மூலக்கூறுகள் 2014 முதல் பேசப்படுகின்றன. பரிசோதனைத் தட்டில் நன்றாக இருக்கிறது. நல்ல உயிரணுவுக்கும் கெட்ட உயிரணுவுக்கும் படலம் ஏறக்குறைய ஒன்றே என்பதுதான் தலைவலி. அயனியை மட்டுமல்ல, உயிரணுவையும் ஆள் பார்க்க வேண்டும்.

100பிளஸ் குடித்தால் வாய்க்கால்களுக்கு நல்லதா?

உப்பு கலந்த அந்தக் குளிர்பானம் தாகத்துக்கு நல்லது. வாய்க்கால்களுக்கு வேண்டிய உப்புக்கணக்கைச் சிறுநீரகம் பார்த்துக்கொள்ளும்.

ஏஐ வந்துவிட்டதே, கணினியே வடிவமைத்துக் கொடுத்துவிடாதா?

புரத வாய்க்கால்களில் கொடுக்க ஆரம்பித்துவிட்டது. 2020-ல் டேவிட் பேக்கரின் குழு, இயற்கையில் எங்குமே இல்லாத, 12 சுருள்கள் கொண்ட துளையைக் கணினியில் வரைந்து உண்மையில் செய்தது. அது சோடியத்தைவிடப் பொட்டாசியத்தை நன்றாகவே விரும்பியது. புரத வடிவமைப்புக்காக 2024-ல் அவருக்கும் நோபல் கிடைத்தது. புரதத்துக்குப் பல்லாயிரம் அறிந்த வடிவங்கள் இருக்கின்றன, கணினி கற்றுக்கொண்டது. கிரீட ஈதரும் சைக்ளோடெக்ஸ்ட்ரினும் கலந்த எங்கள் கொட்டகைகளுக்கு அப்படியொரு நூலகம் இல்லை. படலத்துக்குள் அவை எப்படி அடுக்கிக்கொள்கின்றன என்பதைப் படம் பிடிப்பதே கடினம். ஆகவே இப்போதைக்குக் குடுவைக்கு வேலை உண்டு.

என் மகள் வேதியியலில் கெட்டி. இந்தத் துறைக்கு அனுப்பலாமா?

அவளைக் கேளுங்கள். கேட்கும்போது இதையும் சொல்லுங்கள்: பத்தில் எட்டு நாள், சிலிக்கா நிரப்பிய கண்ணாடிக் குழாயின் முன் நின்று பொருளைச் சுத்தம் செய்வதில்தான் போகும். வாய்க்கால் திறந்து மூடுவதைப் பார்ப்பது மீதி இரண்டு நாளில், அதுவும் லிஃப்ட் ஓடாத நேரத்தில். பல்துறைத் தொழிற்கல்லூரி வழியாக வந்து, என்னைவிட நன்றாகச் சுத்தம் செய்யக் கற்ற இருவரை எனக்குத் தெரியும். கரிம வேதியியலோடு கொஞ்சம் மின்னியலும் தெரிந்திருந்தால் நல்லது. பொறுமை இல்லாவிட்டாலும் வரும். எனக்கு அப்படித்தான் வந்தது.

வீட்டில் பிள்ளைகளோடு செய்து பார்க்க ஏதாவது இருக்கிறதா?

ஒரு முட்டையை முழுதும் மூழ்கும்படி வினிகரில் ஒரு நாள் ஊறவையுங்கள். நுரைத்து நுரைத்து ஓடு கரைந்துபோகும், உள்தோலோடு பந்துபோல் ஒரு முட்டை மிஞ்சும். அதை மெதுவாகக் கழுவி, கெட்டியான சர்க்கரைப் பாகில் போட்டு இரவு முழுக்க விட்டால் சுருங்கிவிடும். பிறகு வெறும் தண்ணீரில் போட்டால் மறுபடி உப்பும். தோல் தண்ணீரை விடுகிறது, உள்ளிருக்கும் வெண்கருப் புரதத்தை விடுவதில்லை. இது உயிரணுவின் கொழுப்புப் படலம் அல்ல, புரத நாரால் ஆன சல்லடை. பெரியது எது, சிறியது எது என்று மட்டும்தான் பார்க்கத் தெரியும். சோடியத்தையும் பொட்டாசியத்தையும் கொடுத்தால் இரண்டையும் விட்டுவிடும். பாகை ஆறவைத்துவிட்டு முட்டையைப் போடுங்கள், சுடச்சுடப் போட்டால் வெந்துவிடும். கீழே பழைய தட்டு ஒன்று இருக்கட்டும், பந்து எப்படியும் ஒரு தடவை உடையும்.